சகலைக்குக் காய்ச்சிய பால்

1

ஆவணி பிறந்தால் எனக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்துவிடும். நான் ஊரை விட்டு அமெரிக்காவுக்குக் கிளம்பிய மாதம் அது. குடும்பத் தலைவன் கடல் கடந்த நாள் என்றால் மற்ற வீடுகளில் ஒரு பாயசமாவது வைப்பார்கள். கிளீவ்லாந்தில் இருக்கும் எங்கள் வீட்டில் அந்த நாளுக்குப் பெயர் ‘சித்தப்பா விழுந்த நாள்’. என் மனைவி சரோஜா வைத்த பெயர்தான். சமையலறையில் மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்த்து, “வர்ற வியாழக்கிழமையோட முனிரத்தினம் விழுந்து பதினோரு வருஷம் ஆவுது” என்று இந்த வருஷமும் பெருமூச்சு விட்டாள். அதே வியாழக்கிழமையோடு நான் கிளம்பியும் பதினோரு வருஷம் ஆகிறது என்பது அவளுக்கு ஞாபகம் வருவதில்லை.

முனிரத்தினம் என் சகலை, சரோஜாவின் தங்கை வசந்தாவைக் கட்டியவன், என் மகனுக்குச் சித்தப்பா. சகலை என்ற உறவைப் பற்றி ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே வீட்டில் பெண் எடுத்த பாவத்துக்கு இரண்டு ஆம்பிளைகள் ஆயுசு முழுக்க ஒரே தராசில் நிற்க வேண்டும். தராசைப் பிடித்திருப்பவள் மாமியார்.

எங்கள் மாமனார் வீடு கவரப்பேட்டைக்கு உள்ளே இரண்டு மைல். நெல் விளையும் சொந்த நிலம், கிணறு, நாலு மாடு. நான் ஆர்.கே.பேட்டைக்காரன். டிப்ளமா முடித்து மெஷின் டிராயிங் போடுகிறவன். முனிரத்தினம் பொன்னேரி, லேத் ஓட்டுகிறவன். நான் போனால் மாமியார் முந்தானையால் நாற்காலியைத் துடைத்து, “வாங்க மாப்ள, உக்காருங்க” என்பாள். அவன் போனால் பழவேற்காட்டு இறாலைப் பையோடு தூக்கிக்கொண்டு நேரே அடுக்களைக்குள் நுழைந்துவிடுவான். நாற்காலி போட்டால் மரியாதை, அடுக்களைக்குள் விட்டால் பாசம். அந்த வீட்டில் எனக்குக் கடைசிவரை நாற்காலிதான்.

2

அறுபத்தேழில் எனக்கு விசா வந்து, நான் கிளம்பிய அன்று மாமனார் வழியனுப்பு விருந்து வைத்தார். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் எனக்காகவே பந்தி போட்டது அன்றைக்கு மட்டும்தான். பந்தல், மாலை, கும்மிடிப்பூண்டியிலிருந்து போட்டோக்காரர் என்று எல்லாம் இருந்தது.

முனிரத்தினம் அப்போது காக்களூர் பக்கம் ஒரு பட்டறையில் இருந்தான். உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழும் வியாதி அவனுக்கு. சோம்பல் என்று நான் பல பேரிடம் சொல்லிப் பார்த்தேன், ஆனால் அது நிஜ வியாதிதான். லேத் முன்னால் தூங்கி விழுந்தால் கை போய்விடும் என்று மெட்ராஸ் டாக்டர் ஒருவர் விழித்திருப்பதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். மாத்திரை போட்டால் வேலை பறக்கும். கூடவே வாய் உலரும், நெஞ்சு படபடக்கும், சோறு இறங்காது, படுத்தால் கண் மூடாது. இதெல்லாம் சூடு என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான்.

சூடு என்றால் நம் ஊரில் வைத்தியத்துக்கா பஞ்சம்? எண்ணெய் தேய்த்துக் குளித்தான், இளநீர் குடித்தான், வெந்தயம் முழுங்கினான். எல்லாவற்றையும்விட அவனுக்கு நன்றாகக் கேட்டது ஆரம்பாக்கம் பக்கம் ஒரு பைராகி கொடுத்த இலை. கஞ்சா இலைதான். அதைப் பாலில் காய்ச்சிக் குடித்தால் கண் சொக்கும், மனசு அடங்கும். மாத்திரை சூடு, இலை குளிர்ச்சி, ஆகவே ஒன்றுக்கு ஒன்று சரி. இதுதான் கணக்கு. வீட்டில் ஒருவருக்கும் இதில் தப்பு தெரியவில்லை. மாமியார் அதைச் ‘சூட்டு இலை’ என்றுதான் சொல்வாள், காய்ச்சும் வேலையை மகளுக்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டாள். நான் டைபாய்டில் கிடந்தபோது அந்த வீட்டிலிருந்து எனக்கு வந்தது ஒரு போஸ்ட் கார்டு.

விருந்தன்று வேலை முடித்து நேராக பஸ் ஏறி வந்தான். பந்தியில் தூங்கி விழுந்து என் மானத்தை வாங்கக் கூடாது என்று வழக்கமான மாத்திரைக்கு மேல் இன்னொன்றும் போட்டுக்கொண்டானாம். அவன் முகத்தைப் பார்த்ததும் மாமியார், “இன்னாடா இது, மூஞ்செல்லாம் செவந்து கெடக்குது” என்று அடுப்பில் பாலை ஏற்றிவிட்டாள். குடித்துவிட்டு எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தான். பாயசம் பரிமாறும்போது மாமனார் எழுந்து தொண்டையைச் செருமினார். என்னைப் பற்றி நாலு வார்த்தை பேசப்போகிறார் என்று நான் மாலையைச் சரிசெய்துகொண்டேன். முனிரத்தினம் வாழை இலைமேல் சாய்ந்தான்.

அவனை முதலில் தூக்கியவன் நான்தான், அதை யாரும் சொல்வதில்லை. என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தான். வேட்டிக்கட்டுக்குள் எலி புகுந்தால் எப்படித் துள்ளுமோ அப்படித் துள்ளியது. கண் விரிந்து கிடந்தது. “சகல, உள்ள மோட்டார் ஓடுது, நிக்க மாட்டேங்குது. எல்லாரும் என்னயே பாத்துச் சிரிக்கிறாங்க சகல” என்றான். சிரித்தவர் ஒருவரும் இல்லை. மொத்தப் பந்தியும் அவனைச் சுற்றி நின்று விசிறிக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தது.

பொன்னேரியிலிருந்து டாக்டர் வந்தார். பட்டினியும் சூடும் என்று சொல்லி ஊசி போட்டுவிட்டுப் போனார். பாலைப் பற்றி அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. பால் என்ன மருந்தா, டாக்டரிடம் சொல்வதற்கு? போட்டோக்காரர் எடுத்தது ஒரே ஒரு படம். அதில் நான் மாலையோடு தனியாக உட்கார்ந்திருக்கிறேன். மற்ற எல்லோருக்கும் முதுகு மட்டும் தெரிகிறது. அந்தப் படம் இப்போதும் என் பெட்டிக்குள் இருக்கிறது.

3

இங்கே என் பொழுது இப்படிப் போகிறது. காலையில் வாசல் பனியை வாருவேன், காரைக் கிளப்புவேன், ஆபீசில் குனிந்து யாரோ செய்யப்போகும் பல்சக்கரங்களுக்குப் படம் போடுவேன். ஒவ்வொரு ஜனவரியிலும் தபால் ஆபீசுக்குப் போய், ‘நான் அந்நியன், இன்ன முகவரியில் இருக்கிறேன்’ என்று அட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். சட்டம் அது. கவுன்டரில் இருக்கும் அம்மாளுக்கு என் பெயர் பதினோரு வருஷமாக வாயில் நுழையவில்லை. மாமியார் வீட்டில் அட்டை எழுதாமலே அந்நியனாக இருந்தவனுக்கு இது ஒன்றும் புதிதில்லை என்று சமாதானம் செய்துகொள்வேன்.

எங்களுக்கு ஒரே மகன், குமார். இங்கே வந்தபோது ஆறு வயது. ஒரு நிமிஷம் ஓரிடத்தில் இருக்க மாட்டான். ஊரில் அதைத் துறுதுறுப்பு என்பார்கள், இங்கே பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு வியாதி என்றார்கள். டாக்டர் மாத்திரை எழுதினார். துள்ளுகிற பிள்ளையை அடக்க, சுறுசுறுப்பு தரும் மாத்திரையா என்று நான் கேட்டேன். இந்தப் பிள்ளைகளுக்கு அது மனதை ஒரே இடத்தில் நிறுத்தும் என்றார். நின்றது, மார்க்கும் ஏறியது. குப்பி குளிர்பெட்டிமேல் இருக்கும். மாதம் ஒருமுறை சனிக்கிழமை காலையில் டாக்டரிடம் கூட்டிப்போய், அவன் வரும்வரை காரில் காத்திருப்பது என் வேலை.

வளர வளரப் பையன் கையை விட்டுப் போனான். தமிழ் உடைந்தது. நான் கேட்டால் ‘யெஸ் டாட்’, ‘நோ டாட்’. கார் சாவி வேண்டுமென்றால் மட்டும் ஒரு முழு வாக்கியம் வரும். ஆனால் சிநேகிதன் ஸ்டீவின் அப்பாவோடு கார் ஷெட்டில் நின்று மணிக்கணக்கில் பேசுவான். அந்த மனுஷனைப் பார்த்தாலும் எனக்கு எரியும். கடல் தாண்டினால் எல்லாம் மாறும் என்றார்கள், பொறாமை மட்டும் விசா இல்லாமலே கூட வந்துவிட்டது.

4

இந்தக் கோடை விடுமுறையில் மூன்று பேரும் ஊருக்குப் போய் மாமனார் வீட்டில் தங்கினோம். குமாருக்குப் பதினேழு வயது. ஆர்.கே.பேட்டையில் நான் படித்த பள்ளிக்கூடம், சந்தை என்று அவனுக்குக் காட்ட நிறைய வைத்திருந்தேன். ஒரு நாள் வந்தான், கொட்டாவி விட்டான். மறுநாளிலிருந்து சித்தப்பாவின் சைக்கிள் கேரியரே கதி என்று ஆகிவிட்டான்.

முனிரத்தினம் இப்போது மாமனார் வீட்டோடு இருந்துகொண்டு, கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ரோலிங் மில்லுக்குப் போகிறான். நான் கிளம்பும்போது கருவேலங்காடாகக் கிடந்த இடத்தில் ஷெட்டு ஷெட்டாக எழும்பிக்கொண்டிருக்கிறது. பழுக்கக் காய்ந்த கம்பி பாம்பாக ஓடிவரும், இவர்கள் இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குள் விட வேண்டும். சித்தப்பா அப்படிப் பிடிப்பதை கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்து, என் மகன் கையைக் காலை ஆட்டி அரைத் தமிழில் வர்ணித்தான். நான் போடும் படத்தை ஒரு நாளும் அவன் எட்டிப் பார்த்ததில்லை.

ஒரு காலை முனிரத்தினம் ஷிப்டுக்குக் கிளம்புமுன், நாஷ்டா முடிந்ததும் இருவரும் அவரவர் சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்தார்கள். ஒருவர் கையை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள், இரண்டும் ஒரே ஜாதி மாத்திரை. குமார், “நீயும் மாத்திரை, நானும் மாத்திரை” என்றான். பெரியவர்களையும் அவன் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவான். முனிரத்தினத்துக்கு அதுவே தேன்.

அன்று மதியம் முனிரத்தினம் காலை ஷிப்ட் முடித்து வந்து அடுக்களையில் உட்கார்ந்தான். மாமியார் வழக்கம்போல் பாலைக் காய்ச்சினாள். பதினோரு வருஷமாக இது நிற்கவில்லை. குமார் உள்ளே நுழைந்தவன் மூக்கை உறிஞ்சினான். அந்த வாசனை அவனுக்குத் தெரிந்திருந்தது. அடுப்பைப் பார்த்தான், சித்தப்பாவின் சட்டைப்பையைப் பார்த்தான், பாட்டியின் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கிவிட்டான். “சித்தப்பா, நீ குடிக்காது” என்றான்.

“சூட்டுக்குக் கண்ணு. குளிர்ச்சி” என்றாள் மாமியார்.

“குளிர்ச்சி இல்ல பாட்டி. எனக்குத் தெரியும். நான் இத பண்ணேன்.”

நான் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தெரிந்த தமிழையும் தெரியாத இடங்களில் ஆங்கிலத்தையும் போட்டு அவன் சொன்னது இது. போன இலையுதிர் காலத்தில் ஒரு மதியம் பள்ளிக்கூடத்து மாத்திரையையும் போட்டுவிட்டு, ஸ்டீவ் வீட்டில் இதே இலையைச் சுருட்டிப் புகைத்திருக்கிறான். ஒன்று ஏற்றும், ஒன்று இறக்கும், கணக்குச் சரி என்று அங்கேயும் பிள்ளைகள் சொல்வார்களாம். சரியாகவில்லை. நெஞ்சு ஓட ஆரம்பித்தது, மூச்சு முட்டியது, யாரோ தன்னைப் பிடிக்க வருகிறார்கள் என்று தோன்றியது, செத்துவிடுவோம் என்று தோன்றியது. ஸ்டீவின் அப்பா காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். துடிப்பு அடங்கும்வரை நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். “அம்மா வந்தாங்க” என்றான். அன்றைக்கு எனக்குச் சொல்லப்பட்டது, ஸ்டீவ் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிறான் என்று.

ஊரான் அப்பனுக்குத் தெரிந்திருக்கிறது, பெண்டாட்டிக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. ‘எதுக்குடா புகைச்ச?’ என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முனிரத்தினம் முந்திக்கொண்டான்.

“பயந்துக்கினியா நைனா?” என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான்.

குமார் ‘ஆமா’ என்று தலையாட்டினான். பிறகு எண்ணெய்ப் பிசுக்கேறிய அந்தக் காக்கிச் சட்டையில் முகத்தை வைத்து அழுதான். என் சட்டை சலவைச் சட்டை, மூன்றடி தூரத்தில் சும்மா இருந்தது.

முனிரத்தினம் அவன் முதுகைத் தடவிக்கொண்டே, “எனுக்கும் அப்டித்தான் இருந்துது, உங்க அப்பா கெளம்பற அன்னிக்கு. அப்புறமும் வந்துக்கினுதான் கீது. போன மாசம் மில்லுல கம்பி வர்ற நேரத்துக்கு வந்துச்சு. வெளிய சொன்னா வேலைய உட்டுத் தூக்கிடுவான்னு கம்னு இருந்துட்டேன்” என்றான். பக்கத்தில் நின்ற வசந்தா அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தாள். மாமியார் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் வாழை மரத்தடியில் கொட்டினாள்.

அன்று சாயங்காலம் சரோஜாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அவள் அசரவில்லை. “சொல்லியிருந்தா நீங்க பையனப் பாத்திருப்பீங்களா, உங்க மானத்தப் பாத்திருப்பீங்களா?” என்றாள்.

5

மறுநாளே முனிரத்தினத்தை மெட்ராசுக்கு டாக்டரிடம் அழைத்துப் போனோம். பஸ்ஸில் குமாரும் அவனும் ஒரு சீட்டு, நான் பின்னால் யாருடைய வெற்றிலைக் கூடையோடோ ஒரு சீட்டு.

டாக்டர் இளவயதுக்காரர், பொறுமையானவர். நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், நெஞ்சுக்குப் படம் எடுக்கச் சொன்னார். சூடு, குளிர்ச்சி என்ற கணக்கை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார். “ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடக்காதுங்க. ரெண்டும் சேந்து வண்டிய ஒரே பக்கம்தான் தள்ளுது. மாத்திரையும் இதயத்த ஓட வைக்கும், இலையும் ஓட வைக்கும். இலை மனச மயக்கிடுறதால ஓடுறது உங்களுக்குத் தெரியல.”

ஒன்றின் வேகத்தை மற்றது மறைக்கும், மறைப்பதால் இரண்டிலும் அளவு கூடும் என்றார். படபடப்பு, வீண் பயம், யாரோ துரத்துகிற மாதிரி எண்ணம் எல்லாம் அதனால் வருவதுதான். என்றைக்காவது துடிப்பின் தாளமே தப்பினால், உருக்குக் கம்பி முன்னால் விழுந்தவன் எழுந்திருக்க மாட்டான் என்றும் சொன்னார். முனிரத்தினத்துக்குத் துடிப்பில் ஒரு தடுமாற்றம் இருந்தது, ஆனால் காலம் கடந்துவிடவில்லை. இலையை விட வேண்டும், மாத்திரையை அவனாகக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ கூடாது, சரியாகும்வரை உருளைப் பக்கம் போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். மாத்திரை கொடுத்த டாக்டரிடம் இலையைப் பற்றிச் சொன்னீர்களா என்று கேட்டார்.

“அவரு கேக்கல சார். பாலத்தான குடிக்கிறோம்னு நானும் சொல்லல” என்றான்.

டாக்டர் குமார் பக்கம் திரும்பி, “நீ உன் டாக்டர்கிட்ட சொன்னியா? இப்ப விட்டுட்டியா?” என்றார். ஆஸ்பத்திரியில் தெரியுமே தவிர, மாத்திரை எழுதும் டாக்டருக்குத் தெரியாது என்றான் குமார். விட்டாயிற்றா என்ற கேள்விக்குத் தலையைக் குனிந்துகொண்டான். சகலையின் நெஞ்சைப் பார்க்க வந்த இடத்தில் என் பிள்ளையின் நெஞ்சும் அதே தடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று திரும்பும் பஸ்ஸில் அவன் சித்தப்பாவிடம் சொன்னது பின் சீட்டில் எனக்குக் கேட்டது. அங்கே கூட்டிப் போகிறவர் டாட்தானே, டாக்டர் அவரிடம் சொல்லிவிடுவாரே என்றான்.

6

கிளீவ்லாந்து திரும்பிய பிறகு, போன சனிக்கிழமைதான் அந்த டாக்டரிடம் போகும் முறை வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தினேன். குமார் இறங்கவில்லை. இன்ஜின் அணைத்த காரில் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

கேட்க வேண்டியதையெல்லாம் மெட்ராசிலிருந்தே சேர்த்து வைத்திருந்தேன். யார் கொடுத்தது, எத்தனை தடவை, உனக்கு என்ன குறை வைத்தேன். வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“பயந்துக்கினியா நைனா?” என்றேன்.

இந்த ஊர்ப் பேச்சை நான் பதினோரு வருஷமாகப் பேசியதில்லை. வீட்டில்கூடப் பாடப்புத்தகத் தமிழ்தான் பேசுவேன், பையன் சுத்தமாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று. குமார் என்னைத் திரும்பிப் பார்த்தான். “அது சித்தப்பா கேட்டது” என்றான்.

“தெரியும்டா” என்றேன்.

சீட் பெல்ட்டைக் கழற்றினான். பிறகு, “ஆமா டாட். இப்பவும் பயம். நீ உள்ள வா” என்றான்.

அந்த அறைக்குள் அன்றுதான் முதல்முறையாகப் போனேன். அவன் எல்லாவற்றையும் சொன்னான், ஆஸ்பத்திரிக்குப் பிறகும் இரண்டு தடவை புகைத்ததையும் சேர்த்து. சொல்லும்போது அவன் தொடை ஆடிக்கொண்டே இருந்தது, நான் அவன் மேல்சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் திட்டவில்லை. நெஞ்சில் வைத்துக் கேட்டார், சோதனைகளுக்கு எழுதினார், புகை நிற்க வேண்டும் என்றார், அடுத்த வாரமும் வரச் சொன்னார், இரண்டு பேரும் வாருங்கள் என்றார். திரும்பும்போது அவன் சாவி கேட்கவில்லை, என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தான். எனக்கு அழுகை வந்தது. கண்ணில் வெயில் படுகிறது என்று சொன்னேன்.

நேற்று ஊரிலிருந்து நீலக் கடிதம் வந்தது. குமார் பெயருக்குத்தான் வருகிறது, என் பெயருக்கு இல்லை. குமார் எழுத்துக்கூட்டிப் படித்தான். சித்தப்பா இலையை விட்டுவிட்டாராம், மில்லில் இப்போது ஸ்டோர் வேலை கொடுத்திருக்கிறார்களாம், நெஞ்சு சும்மா இருக்கிறதாம். மாமியார் பாலில் இப்போது பனங்கற்கண்டு மட்டும் போடுகிறாளாம். ஆகக் காய்ச்சுவது மட்டும் நிற்கவில்லை.

இன்று வியாழக்கிழமை. வேலை விட்டு வந்தால் வீடு முழுக்க ஏலக்காய் வாசனை. அடுப்பில் பாயசம். என்ன விசேஷம் என்று கேட்டேன், பதில் தெரிந்த எரிச்சலோடுதான் கேட்டேன். சரோஜா வாயைத் திறப்பதற்குள் குமார் ஒரு டம்ளரை என் கையில் கொடுத்து, “டாட், நீ ஊரிலிருந்து கிளம்பின நாள்” என்றான்.

பதினோரு வருஷத்தில் இந்த வீட்டில் அதைச் சொன்ன முதல் ஆள். டம்ளர் சுட்டது, கீழே வைக்க மனசு வரவில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நீலக் கடிதத்தின் கடைசி மடிப்பை விரித்துக் காட்டினான்.

அதையும் அந்தப் பாவிதான் எழுதியிருக்கிறான்.